கிந்தாவில் தமிழர் எங்கே? ஈய மாவட்டத்தின் மக்கள்தொகைப் பதிவை வாசிக்கும் விதம்

எஸ்.பி.எம். சரித்திரத் தாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கால மக்கள்தொகை பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் எழுதும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். மலாய்க்காரர் கம்பத்தில் நெல் விதைத்தனர், சீனர் ஈயச் சுரங்கத்துக்கு வந்தனர், இந்தியர் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மனப்பாடம் பண்ண வசதியான வாக்கியம். மதிப்பெண்ணும் ஓரளவு கிடைச்சிடும். ஆனா ஓர் அட்டவணையைக் கொடுத்து "இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன?" என்று உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி கேட்டால் அதே மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அட்டவணை அந்த வாக்கியத்துக்கு ஒத்துவராததுதான் காரணம்.

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே பாருங்கள். அப்போது பேரா மாநிலத்தின் மக்கள்தொகை 329,665. சீனர் ஒன்றரை லட்சம் அளவில். மலாய்க்காரர் 1 லட்சத்து 40 ஆயிரத்தை ஒட்டி. "தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்" என்ற நிரலில் ஏறத்தாழ 35 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இப்போ ஒரு கேள்வி: 1901-இல் பேராவில் ரப்பர் தோட்டம் எவ்வளவு இருந்தது? மிகச் சொற்பம். ரப்பர் பெருவாரியாக நடப்பட்டது 1905-ஐ ஒட்டித்தான். நட்ட மரத்தில் பால் வெட்ட இன்னும் ஐந்தாறு ஆண்டு ஆகும். அப்படியானால் ரப்பருக்கு முன்பே வந்துவிட்ட அந்த 35 ஆயிரம் பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இந்தக் கட்டுரை அதைத் தேடிப் பார்க்கிறது. களம் பேராவின் ஈய மாவட்டங்கள்: முதலில் லாரூட், பிறகு கிந்தா.

ஜெலுத்தோங் பிள்ளைகளுக்குக் கிந்தா எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜெலுத்தோங்கை ஒட்டி ஜாலான் டத்தோ கிராமட்டில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில்தான் ஈய உருக்காலை இருந்தது. 1897-இல் ஒரு சீன வணிகர் தொடங்கியது; 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி ஆனது. கிந்தாவில் தோண்டிய ஈயமணல் ரயிலேறி, படகேறி இங்கு வந்து உருகி, பாளமாகி, கப்பலேறியது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த தமிழர்கள் எதிர்த்திசையில் போனார்கள். பினாங்கில் இறங்கி, பலர் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடைக்காகத் தங்கி, அதன்பிறகு பேராவுக்குப் போனார்கள். ஈயம் வெளியே போகவும் ஆட்கள் உள்ளே வரவும் இதே ஊர்தான் வாசல்.

எண்ணத் தொடங்கியது ஏன்?

1840-களின் இறுதியில் லோங் ஜாஃபார் காலத்தில் லாரூட்டில் ஈயம் பெரிய அளவில் வெளிப்பட்டது. அவருடைய யானை தொலைந்து, திரும்பி வந்தபோது அதன் காலில் ஈயமணல் ஒட்டியிருந்தது என்ற கதை உங்களுக்கே தெரியும். (கதையை எழுதினால் "கூறப்படுகிறது" என்று சேர்த்து எழுதுங்கள்.) பினாங்கு வணிகர்கள் பணம் போட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரு கூட்டத்தாருக்கும் இடையே 1861-இல் மூண்ட சண்டை விட்டு விட்டு 1874 வரை நடந்தது. அந்த ஆண்டு ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம். அதோடு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வருகிறார்.

ரெசிடெண்ட் ஆட்சி வந்தபின் வரவு செலவு எழுத வேண்டும். பேராவின் வருமானத்தில் பெரும்பங்கு ஈயத்தின் மீதான ஏற்றுமதி வரி. சுரங்கத் தொழிலாளி வாங்கும் அபினிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் குத்தகைப் பணம் வந்தது. ஆகவே எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், எந்த வேலை செய்கிறார்கள் என்பது கஜானாவுக்கு அவசியமான தகவல். மக்கள் நலனுக்காக எண்ணினார்கள் என்று பாடப்புத்தக பாணியில் எழுதுவதைவிட இப்படிச் சொல்வது உண்மைக்கு அருகில் இருக்கும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1879-இல் பேராவில் 81 ஆயிரம் பேர். 1891-இல் 214,254. பத்தே ஆண்டில், 1901-இல், 329,665. பிறப்பால் மட்டும் ஒரு மாநிலம் இப்படி வளராது. வெளியிலிருந்து வந்தவர்களால்தான் வளர முடியும். இந்த ஒரு வரியை விடையில் எழுதத் தெரிந்தாலே அட்டவணையை வாசிக்கத் தெரிந்ததாக அர்த்தம்.

வளர்ச்சி மாநிலம் முழுவதும் சமமாகப் பரவவில்லை. லாரூட்டின் ஈயம் மெல்லத் தேய, 1880-களில் கூட்டம் கிந்தாவுக்கு நகர்ந்தது. கோப்பெங், பாப்பான், பத்து காஜா, கம்பார், ஈப்போ எல்லாம் அப்படி எழுந்த ஊர்கள். 1891-க்கும் 1901-க்கும் இடையில் கிந்தா மாவட்டத்தின் தொகை இரு மடங்கைத் தாண்டியது. 1901-இல் தலைநகர் தைப்பிங்கில் 13 ஆயிரம் பேர் சொச்சம். ஈப்போ சற்றுத்தான் பின்னால் இருந்தது. 1911-இல் ஈப்போ முந்திவிட்டது. மாநிலத் தலைநகர் ஈப்போவுக்கு மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது, 1937-இல்தான் மாற்றினார்கள். கணக்கெடுப்பு முன்கூட்டிச் சொன்னதை நிர்வாகம் நிதானமாகப் பின்தொடர்ந்தது.

கிந்தா என்றதும் சீனத் தொழிலாளி மட்டும் நினைவுக்கு வருவதும் சரியில்லை. 1885-இல் கிந்தாவின் சுரங்க ஆய்வாளராக இருந்த ஆபிரகாம் ஹேல் அங்கிருந்த சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் மலாய்ச் சுரங்கங்களும் வருகின்றன. ஈயம் இருக்கும் இடத்தைக் குறித்துச் சடங்கு செய்யும் பாவாங் வருகிறார். சுரங்கத்துக்குள் குடை விரிக்கக்கூடாது, செருப்போடு நுழையக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் இருந்திருக்கின்றன. பாப்பானில் சுமத்ராவின் மண்டாய்லிங் மக்கள் ராஜா பிலாவின் தலைமையில் ஈயம் எடுத்தார்கள். பிற்காலப் பட்டியலில் அவர்கள் "மலாய்க்காரர்" என்ற தலைப்புக்குள் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த 35 ஆயிரம் பேர்

சரி, நம் கேள்விக்கு வருவோம். பதில் பல துண்டுகளாக இருக்கிறது. பெரிய துண்டு கரும்பு. செபராங் பிறையிலும் அதை ஒட்டிய கிரியான் மாவட்டத்திலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வேலை செய்தார்கள். (ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது, இதைக் கங்காணி முறையோடு குழப்பாதீங்க.) ரப்பர் விலை ஏறியதும் கரும்பு வயல்கள் ரப்பருக்கு மாறின. அதாவது பலரைப் பொறுத்தவரை ரப்பர் அவர்களைத் தேடி வந்தது.

இன்னொரு துண்டு தண்டவாளம். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. போர்ட் வெல்ட் இன்றைய கோலா செபத்தாங். ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை வரவழைக்கப்பட்டது. 1890-களில் ஈப்போவிலிருந்து தெலுக் ஆன்சன் வரை (இன்று தெலுக் இந்தான்) கிந்தா பாதை வந்தது. மண் கொத்தி, சரளை கொட்டி, கட்டை அடுக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். ரயில் நிலையத்தின் உள்ளே மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர்.

சாலை போட்டவர்கள், மாட்டு வண்டியில் பாரம் இழுத்தவர்கள், ஊர் துப்புரவு செய்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் என்று மீதித் துண்டுகள். சுரங்கத்திலேயே வேலை செய்த தமிழர்களும் உண்டு, குறிப்பாக ஐரோப்பியக் கம்பெனிகளில். நம் பெரியவர்கள் ஈயச் சுரங்கத்தை "லம்பம்" என்பார்கள். லோம்போங் என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் இப்படி ஆனது. ஒரு தொழிலோடு தொடர்பே இல்லாத கூட்டத்தார் அதற்குத் தனக்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் கோயில் தன் தொடக்கத்தை 1889 என்கிறது. அதுவும் ரப்பருக்கு முந்தைய ஆண்டுதான்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். நம் மாணவர்களில் எத்தனையோ பேருடைய கொள்ளுத்தாத்தா தோட்டத்தையே பார்க்காதவர்; ரயில்வேயில், பொதுப்பணி இலாகாவில், நகரசபையில் இருந்தவர். "இந்தியர் என்றால் தோட்டம்" என்று மட்டும் படிக்கிற பிள்ளை தன் வீட்டுக் கதை சரித்திரத்தில் சேராது என்று நினைத்துக்கொள்கிறது.

மரணப் பதிவும் புழுங்கல் அரிசியும்

மக்கள்தொகைப் பதிவு என்றால் தலை எண்ணுவது மட்டும் இல்லை. பிறப்பு, இறப்பு, ஆஸ்பத்திரிப் பதிவேடு எல்லாமே அதில் சேரும். இவற்றிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பு நம்மைத் தொட்டுச் செல்கிறது.

சுரங்க மாவட்டங்களில் அன்று ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நின்றுவிடும். ஆஸ்பத்திரிப் பதிவுகளில் சீனத் தொழிலாளர்களின் பெயர்தான் அதிகம். தமிழர்களுக்கு இது அபூர்வம். ஒரே நாடு, அதே மழை. குடிசைகளிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு ஏன்? கிருமி என்றார்கள், ஈரம் என்றார்கள், கெட்டுப்போன அரிசி என்றும் சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் சோற்றுத் தட்டைப் பார்த்தார். சீனத் தொழிலாளி உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்குச் சற்று முன், 1905-இல், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களை வைத்து நடந்த சோதனை இது. இன்று எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காது. அதன்பின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்து, குழுக்களின் அரிசியை மாற்றியும் பார்த்து, 1909-இல் முடிவை வெளியிட்டார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டினாலும் முழுதாகப் போகாது. அந்தச் சத்துக்குப் பின்னாளில் வைத்தமின் பி1 என்று பெயர் வந்தது. நம் பாட்டிமார் "புழுங்கல்தான் உடம்புக்கு நல்லது" என்று சொல்வதற்குப் பின்னால் இத்தனை ஆஸ்பத்திரிக் கணக்கு இருக்கிறது.

இதைக் கேட்டதும் தமிழர்கள் நலமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிபெரி விட்டுவைத்தவர்களை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோயின.

ஆண் எத்தனை, பெண் எத்தனை

எந்தச் சுரங்க மாவட்ட அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் பாலின நிரலைப் பாருங்கள். 1911-இல் மலாயா இந்தியர்களில் தோராயமாக மூன்று ஆணுக்கு ஒரு பெண். சீனர்களிடையே நிலைமை அதைவிட மோசம். சுரங்கப் பகுதிகளில் இன்னும் மோசம். குடும்பம் இல்லாத ஊரில் பிறப்பு இருக்காது. மக்கள்தொகை கூடுவதும் குறைவதும் ஈய விலையைப் பொறுத்தே இருக்கும். விலை ஏறினால் ஆள் வரும், இறங்கினால் ஆள் கிளம்பிவிடும்.

இந்த நிலை மாறியது 1930-களில். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஈய விலையும் ரப்பர் விலையும் சரிந்தன. 1930-இல் சீன ஆண்கள் வருவதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை கட்டுப்பாடு இல்லை. அந்த எட்டு ஆண்டில் சீனப் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். கிந்தாவில் தொப்பி போட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, டூலாங் தட்டில் ஈயம் அலசிய பெண்களில் பலர் இவர்களே. தமிழர்களுக்கோ நேர்மாறாக நடந்தது. 1930 முதல் 1932 வரை வேலையிழந்த பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசே உதவிச்செலவில் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்தது.

இதனால்தான் 1931-ஆம் ஆண்டுக் கணக்கைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த கணக்கு அது. அடுத்து 1941-இல் எடுத்திருக்க வேண்டியது, போரால் நடக்கவில்லை. ஆகவே 1931-க்கும் 1947-க்கும் இடையே 16 ஆண்டு இடைவெளி. பஞ்சம், ஜப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில் எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான். அட்டவணையில் இரண்டு வரிசை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பத்தாண்டு என்று எண்ணி வளர்ச்சி விகிதம் போடும் மாணவர்கள் உண்டு. ஆண்டைக் கழித்துப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுங்க.

பெயர் மாறினால் கணக்கும் மாறும்

1871, 1881-ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் கணக்கெடுப்பில் இனங்கள் அகர வரிசையில் நீளமாக அடுக்கப்பட்டிருந்தன. 1891-இல்தான் அவற்றைப் பெரிய தலைப்புகளுக்குள் கட்டினார்கள். "தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்" என்பது அப்போது வந்த தலைப்பு. பிறகு அது "இந்தியர்" ஆனது. தலைப்பிலேயே இருந்த தமிழர் உட்பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிளார்க் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த 1957 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் "பிறர்" என்ற தலைப்பில் எண்ணப்பட்டார்கள். 1970-இல் "இந்தியர்" தலைப்புக்குள் வந்தார்கள். குடும்பம் வீடு மாறவில்லை, மொழி மாறவில்லை. நிரல் மட்டும் மாறியது. 1957-ஐயும் 1970-ஐயும் ஒப்பிட்டு "இந்தியர் இத்தனை பேர் கூடினர்" என்று எழுதும்முன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

"நகர்ப்புறம்" என்ற சொல்லும் இப்படித்தான். 1957-இல் ஆயிரம் பேர் உள்ள சிற்றூரும் நகர்ப்புறக் கணக்கில் வந்தது. 1970-இல் பத்தாயிரம் பேர் வேண்டும் என்றானது. கிந்தாவுக்கு இது பெரிய விஷயம். அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி, லம்ப நிலத்தோரம் காய்கறி போட்டு வாழ்ந்த சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். கிந்தாவில் மட்டும் முப்பதுக்கும் மேல். தோட்டத் தமிழர்களையும் சிதறியிருந்த லயங்களிலிருந்து ஓரிடத்தில் சேர்த்தார்கள். 1957 அட்டவணையில் "நகர்மயம் அதிகரித்தது" என்று தெரிவதில் ஒரு பங்கு இந்த முள்வேலியால் வந்தது.

கடைசியாக எல்லை. 2009-இல் கம்பார் தனி மாவட்டமானது. பேராவின் பத்தாவது மாவட்டம். அதற்கு முன் அது கிந்தாவின் பகுதி. ஆகவே 2000-ஆம் ஆண்டுக் கிந்தாவும் 2010-ஆம் ஆண்டுக் கிந்தாவும் ஒரே நிலப்பரப்பு இல்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை நொறுங்கி, லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டு, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பியது உண்மை. அந்த வெளியேற்றத்தை எண்ணால் காட்ட விரும்பினால் 2000-ஐ 1980-ஓடு ஒப்பிடுங்கள். 2010-ஐ எடுப்பதானால் கிந்தாவோடு கம்பாரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று: புள்ளிவிவர இலாகாவின் இணையத்தளத்தில் கிந்தா, கம்பார் மாவட்டங்களின் 2010, 2020 எண்களை மாணவர்களே எடுக்கட்டும். 1901, 1957 எண்களை ஆசிரியர் கொடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அந்த ஆண்டில் மாவட்ட எல்லை எதுவரை, இனத் தலைப்புகள் என்னென்ன, ஈய விலையும் ரப்பர் விலையும் ஏறுமுகமா இறங்குமுகமா. எழுதி முடித்தபின் "காரணம் என்ன?" என்று கேளுங்கள். விடையை மலாயில் எழுதப் பழக்கினால் தேர்வுக்கும் ஆகும்.